காய்ச்சல் என்று நினைத்த ஒரு மணி நேரம்

அண்ணன் அன்றைக்கு மத்தியானம் தானாக நடந்துதான் வீட்டுக்கு வந்தான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவன் வேலை செய்யும் கார்கானாவிலிருந்து, அந்தப் பட்டறையிலிருந்து, நாலு பேர் அவனைத் தூக்கி வந்ததாக எங்கள் சந்தில் இப்போது ஒரு கதை இருக்கிறது. அப்படி இல்லை. இரண்டரை மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரில் ஒரு கை வைத்து, படி ஏறி உள்ளே வந்தான். "மேலுக்குச் சுகமில்லட்டி. தலய வலிக்கு" என்றான். யார் தோளையும் பிடிக்காமல் அவன் நடந்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மே மாதம். அந்த வாரம் முழுக்க வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து தாராவியைப் பிழிந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே இன்னொரு அறை. கீழே அண்ணனும் மதினியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மேலே நான், என் கல்யாணம் முறிந்து திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து. பகலில் மேல் அறையில் தகரத்தின் சூடு தாங்காது என்பதால் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் கீழேயே கிடப்போம்.

அண்ணனுக்கு வேலை அலுமினியம் உருக்கும் கார்கானாவில். பழைய பாத்திரம், டின், கழிவுத் துண்டுகள் எல்லாம் உலையில் போய், பளபளவென்று தண்ணீர் மாதிரி ஆகும். அதை நீளக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றுவது அவன் பொறுப்பு. இருபது வருடமாக ஊற்றுகிறான். கூரை தகரம், சன்னல் ஒன்றே ஒன்று, அதையும் புகை வெளியே போகிறது என்று அக்கம்பக்கத்தார் சண்டைபோட்டதால் சாத்தியே வைத்திருந்தார்கள்.

நான் மாட்டுங்காவில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலை ஏழு மணிக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புவேன், சாயங்காலம் மறுபடி இரண்டு மணி நேரம். அதனால்தான் அன்றைக்கு அந்த நேரத்தில் வீட்டில் இருந்தேன். இல்லாமல் இருந்திருந்தால் மதினி பயந்துபோய் உடனே யாரையாவது கூப்பிட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. "ஏளா, நீ படிச்சவ, பாரு" என்று அவள் என்னை நம்பினாள்.

நான் தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். தெர்மாமீட்டரை வைத்தேன். நூற்றியேழு காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து உதறி, மறுபடி வைத்தேன். அதே நூற்றியேழு.

"நல்ல காய்ச்சல் மதினி. டெங்கு ஏதும் இருக்குமோ என்னமோ. சாயங்காலம் ரத்தம் எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு பாராசிட்டமால் இரண்டு மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல்காரனுக்குக் காற்று ஆகாது என்று மதினி மின்விசிறியை நிறுத்தினாள். ஒரு போர்வையையும் போர்த்தினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரை பிடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் ஏதேதோ பேசினான். "அந்த அச்ச மூடுல, தண்ணி படப்போவுது" என்று இல்லாத யாரையோ அதட்டினான். காய்ச்சலில் பிதற்றல் சகஜம்தானே என்று மதினிக்குச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தால் வாயோரமாக வழிந்தது. நான் துடைத்தேன். துடைக்கும்போதுதான், அவன் நெற்றியில், கழுத்தில், நெஞ்சில் எங்கேயும் ஒரு துளி வேர்வை இல்லை என்பது கைக்குத் தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தாரை தாரையாக வேர்த்துக்கொண்டிருந்தது. அவன் தோல் மட்டும் காகிதம் மாதிரி காய்ந்து கிடந்தது.

அப்போதுகூட எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. வேறு ஒன்று ஞாபகம் வந்து உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைத்தது.

ஒரு வாரத்துக்கு முன்னால் அவன் உடம்பெல்லாம் வேர்க்குருவும் அரிப்புமாகத் தூங்க முடியாமல் புரண்டான். நான்தான் கடையில் கேட்டு அரிப்பு மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்தேன். டாக்டர் சீட்டு இல்லை. கடைக்காரருக்கு என்னைத் தெரியும், கொடுத்துவிட்டார். காலையும் ராத்திரியும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மூன்றாம் நாள் அண்ணன் சந்தோஷமாகச் சொன்னான்: "நல்ல மாத்திரட்டி. அரிப்பும் நின்னுட்டு. வேர்வகூட முன்ன மாதிரி இல்ல, பாத்துக்கிடு." நானும் சந்தோஷப்பட்டேன். அந்த ஜாதி மாத்திரைகளில் சில வேர்வையை அடக்கிவிடும். எங்கள் பாடத்தில் ஒரு வரி அது. பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன்.

மூன்றே முக்கால் மணிக்கு அவனுக்கு வலிப்பு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வேகம் வரவேண்டிய நேரம் முடிந்த பிறகு. வாசலில் பெரிய நீல டிரம்மில் முக்கால் டிரம் தண்ணீர் இருந்தது. அதை அவன் மேல் ஊற்ற வேண்டும் என்று அப்போதுதான் தோன்றி, வாளி வாளியாக ஊற்றினேன். மதினி "காய்ச்சக்காரன் மேல தண்ணிய ஊத்துதியே, உனக்கென்ன கிறுக்கா" என்று என் கையைப் பிடித்தாள். தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வந்து டாக்ஸி பிடித்து, சொட்டச் சொட்ட அவனைப் பின் சீட்டில் கிடத்தினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே இது காய்ச்சல் இல்லை என்று புரிந்துகொண்டார்கள். சட்டையைக் கத்தரித்து, ஈரத்துணி போட்டு, இரண்டு பக்கமும் மின்விசிறி வைத்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் கட்டிகளை வைத்தார்கள். இளவயது டாக்டர் ஒருத்தி. "கித்னா டைம் ஹுவா?" என்று என்னைக் கேட்டாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று.

"ஒரு மணி நேரத்துக்கு மேல" என்று இந்தியில் சொன்னேன்.

என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டாள். பாராசிட்டமால் என்றேன். வேறே? மதினி என் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் பையிலிருந்து பேனாவை எடுத்து, டாக்டர் கையிலிருந்த தாளின் மூலையில் அரிப்பு மாத்திரையின் பெயரை எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன எழுதுன?" என்றாள் மதினி.

"அவன் வயசு" என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனேன், எங்கள் மேடத்திடம் லீவு சொல்வதற்காக. கூடத்தை நடத்துகிற நோய்க்குறியியல் டாக்டர் அவர். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த, அறுபது வயது தாண்டிய பெண்மணி. அண்ணனின் ரிப்போர்ட் தாள்களை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

அதில் இருந்ததெல்லாம் என்சைம்கள். பள்ளிப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருக்கும். உடம்புக்குள் நடக்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு என்சைம் வேண்டும், சோற்றைக் கரைக்க, மூச்சைச் சக்தியாக்க, நஞ்சைப் பிரிக்க. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதமாக மடங்கி நிற்கிற புரதம். அந்த மடிப்புதான் அதன் வேலை. முப்பத்தேழு டிகிரியில் ஒழுங்காக நிற்கும். கொஞ்சம் சூடு ஏறினால் முதலில் வேகம் கூடும். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, அதாவது வீட்டுத் தெர்மாமீட்டரில் நூற்றியேழு என்று போனால், ஒன்று இரண்டாக மடிப்பு கலையத் தொடங்கும். கலைந்தது திரும்ப மடங்காது. ஒருமுறை எங்கள் கூடத்தில் மாதிரிகளைச் சூடாக வைக்கும் பெட்டி கெட்டுப்போய் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு வந்த நோயாளிகளுக்கெல்லாம் என்சைம் அளவு தரையில் கிடந்தது. எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி இரத்தம் எடுத்தோம். அப்போது மேடம் எனக்கு இதை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணன் தாளில் எண்கள் தரையில் இல்லை. தசையிலிருந்து வரும் என்சைம் ஐந்து இலக்கத்தில் நின்றது. கல்லீரலுடையது அதற்குக் கொஞ்சம் கீழே. எண் பெரிதாக இருப்பதால் உறுப்பு பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. செல்லுக்குள் இருக்க வேண்டியது செல் உடைந்து இரத்தத்தில் கொட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். இந்த எண்களை நான் தினமும் அடித்துக் கொடுக்கிறவள். எத்தனையோ பேருக்கு.

"பாராசிட்டமால் ஏன் கேக்கல மேடம்? ரெண்டு மாத்திரை குடுத்தேன்" என்றேன்.

"ஒக்காரு" என்றார். "காய்ச்சல்ங்கறது உடம்பு தானா வெச்சுக்கற சூடு. மூளைல ஒரு எடம் இருக்கு. கிருமி வந்தா அது, இன்னிக்கி முப்பத்தொம்பது இருக்கட்டும்னு தீர்மானம் பண்றது. மாத்திரை போய் அந்த எடத்துக்கிட்டதான் கொறைச்சுக்கோன்னு சொல்லும். உங்க அண்ணாவுக்கு வந்தது அது இல்லை. அவர் மூளை முப்பத்தேழுதான் வேணும், முப்பத்தேழுதான் வேணும்னு கத்திண்டே இருந்திருக்கும். உடம்பால கேக்க முடியலை. வெளில இருந்து ஏறின சூடு, ஹீட் ஸ்ட்ரோக். வேர்வையும் இல்லை, எறங்க வழியில்லை. மாத்திரை யார்கிட்ட போய் என்ன சொல்லும்?"

அரிப்பு மாத்திரையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதுவரை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. மேடம் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். அது மட்டும்தான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த கார்கானா, அந்த வெயில்..."

"இல்லைன்னும் சொல்ல முடியாதே மேடம்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஆறு நாள் அண்ணன் கண் திறக்கவில்லை. சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் இறங்கியது. உடைந்த தசை சிறுநீரகத்தை அடைத்துவிட்டதென்று இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். மதினி வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெட்ஷீட்டை விரித்துக்கொண்டு கிடந்தாள். நான் காலையில் ரிப்போர்ட்டை வாங்கி அவளுக்கு எண்ணைப் படித்துக் காட்டுவேன். நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் கும்பிடுவாள். உண்மையாகவே குறைந்துகொண்டு வந்தது. ஐந்து இலக்கம் நாலு இலக்கமானது. கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. சிறுநீர் தெளிந்தது. ஏழாம் நாள் கண்ணைத் திறந்து மதினியை அடையாளம் கண்டு உதட்டை அசைத்தான். நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் கட்டிப்பிடித்து அழுதோம்.

மூன்றாம் வாரம் எல்லா என்சைமும் சரியான அளவுக்கு வந்துவிட்டது. அளவு தப்பினால் அடிக்கிற தடித்த எழுத்து தாளில் ஒரு இடத்தில்கூட இல்லை. அந்தத் தாளோடு நான் வார்டுக்குள் போனபோது அந்த இளவயது டாக்டர் அண்ணனின் கட்டிலருகே நின்றிருந்தாள். தன் விரலை நீட்டி, இதைத் தொடு, பிறகு உன் மூக்கைத் தொடு என்றாள். அண்ணன் கை கிளம்பியது. பாதி வழியில் இடமும் வலமும் அலைந்தது. மூக்குக்கு வராமல் கண்ணில் போய்க் குத்தியது. மறுபடி செய்யச் சொன்னாள். இந்தத் தடவை காதோரம் போனது.

"ந...ல்...லா... தொட்...டனா?" என்று கேட்டான். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, இழுத்து, நாக்கு தடித்த மாதிரி.

மதினி "நல்லாத் தொட்டிய" என்றாள்.

டாக்டர் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள். மூளையின் பின்பக்கம் கீழே, உடம்பின் அசைவைச் சீராக வைக்கிற பகுதி இருக்கிறது. அங்கே உள்ள சில செல்கள் சூட்டை மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் தாங்கும். கல்லீரல் திரும்ப வளரும், தசை வளரும், அவை வளராது. எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருந்தார் என்பதைப் பொறுத்தது என்றாள். நான் அந்த ஒரு மணி நேரத்துக்கான குற்றச்சாட்டை அவள் முகத்தில் தேடினேன். அவளுக்கு அடுத்த கட்டில் காத்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் நடப்பான், கால்களை அகட்டி அகட்டி வைத்து. டம்ளரைத் தூக்கினால் வாய்க்கு வருமுன் பாதி சிந்திவிடும். மதினி ஊட்டுகிறாள். கார்கானா முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்தார். பழங்கள் கொண்டுவந்தார். அண்ணன் பேசுவது அவருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

செம்பூரில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒரு இடத்துக்கு வாரம் ஒரு நாள் அண்ணனைக் கூட்டிப் போனோம். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது மதினியின் பிடி நழுவி அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சரிந்தான். எழுப்பப் போனோம். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மறுபக்கம் ஒதுக்கினாள். போலீஸ்காரர் ஒருவர் தடியால் படியைத் தட்டி, "ஏ பேவ்டா, உட்" என்றார். குடிகாரா, எழுந்திரு என்று.

அண்ணன் வாழ்நாளில் குடித்ததில்லை. உலைக்கு முன்னால் நிற்கிறவர்கள் பாதிப் பேர் குடிப்பார்கள், அவன் குடித்ததில்லை. அதை அவனே சொல்லப் பார்த்தான். "நா...ன்... கு...டிக்...க..." என்று தமிழில் இழுத்தான். அந்த இழுவையே போதுமானதாக இருந்தது. சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மதினி எழுந்து நின்று கத்தினாள். "தாரு நஹி சாப்! புக்கார்! புக்கார் மே ஐசா ஹுவா!" குடியில்லை ஐயா, காய்ச்சல், காய்ச்சலில் இப்படி ஆனது.

போலீஸ்காரர் சரி சரி என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் அவன் சட்டைத் தூசியைத் தட்டிவிட்டேன். காய்ச்சல் இல்லை என்று திருத்த எனக்குத் தைரியமில்லை. மதினிக்கு இன்றுவரை அது காய்ச்சல்தான். ஏதோ கண்டறியாத காய்ச்சல் வந்தது, நரம்பை இழுத்துவிட்டுப் போனது, நல்லவேளை நாத்தனார் வீட்டில் இருந்ததால் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைத்தாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறாள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதன் பிறகு அண்ணன் செம்பூருக்கு வரமாட்டேன் என்றுவிட்டான்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி கடைக்குப் போயிருந்தாள். நான் அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கை ஆடும் என்பதால் என் முழங்காலுக்கடியில் அவன் மணிக்கட்டை அழுத்தி வைத்துக்கொண்டு வெட்டுவது வழக்கம். திடீரென்று கேட்டான். அவன் பேச்சு எனக்கு இப்போது பழகிவிட்டது, இழுவை இல்லாமலே எழுதுகிறேன்.

"ஏட்டி, எப்ப சரியாவும்?"

"ஆவும்ணே. கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஆவும்."

"ஒம் மதினிட்ட சொல்லுத மாதிரி சொல்லாத. நீ லேபுல இருக்கவ. சொல்லு."

நான் வெட்டுவதை நிறுத்தினேன். வெளியே யாரோ குடத்தைக் கழுவும் சத்தம் கேட்டது.

"ஆவாதுண்ணே" என்றேன்.

"கொஞ்சங்கூடவா?"

"இதுக்கு மேல பெருசா ஆவாது. அந்தச் செல்லு திரும்பி வராது."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போது சொல்லியிருக்கலாம். மாத்திரையைப் பற்றி, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி. நாக்கு நுனிவரை வந்தது. அவன் அதற்குள், "மதினிட்ட சொல்லாத. பாவம், தெனமும் கும்பிடுதா" என்றான். பிறகு தன் இன்னொரு கையை என் தலையில் வைக்க முயன்றான். அது என் கன்னத்தில் அறைந்த மாதிரி வந்து விழுந்தது. நான் மீதி விரல்களையும் வெட்டி முடித்தேன்.

இப்போது மதினிக்கு யாரோ கோவண்டியில் எண்ணெய் போட்டு நரம்பை நீவி விடுகிற ஒருவரைச் சொல்லியிருக்கிறார்கள். பத்து தடவை போனால் குணமாகும் என்றாராம். வாரத்தில் இரண்டு நாள் அண்ணனை பஸ்ஸில் அங்கே கூட்டிப் போகிறாள். அவன் மறுப்பதில்லை. காலையில் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, அவன் நெற்றியில் திருநீறு பூசி, தோளைக் கொடுத்து வெளியே அழைத்துப் போகிறாள். திருநீறு பார்த்தால் குடிகாரன் என்று நினைக்கமாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் சற்றே விலகி அவர்களுக்கு இடம் விடுகிறார்கள். நான் மாட்டுங்காவுக்குப் போகிற வழியில் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இரத்தம் கொடுக்க ஆட்கள் காத்திருப்பார்கள் என்று நடந்துவிடுகிறேன்.